ஸ்லிப்பர் ஆர்க்கிட் வீட்டில் வளர்க்கலாமா? தொட்டி வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

உடுமலைப்பேட்டையில் இருந்து சின்னார் வழியாக மூணாறு போகிறவர்கள், மறையூரில் ஒரு டீக்காவது வண்டியை நிறுத்துவார்கள். ஒரு பக்கம் வெல்லம் காய்ச்சும் வாசம். இன்னொரு பக்கம் கம்பி வலை போட்டு, ஆள் வைத்துக் காவல் காக்கும் சந்தனக் காடு. மரத்துக்கு இவ்வளவு பாதுகாப்பா என்று முதல் தடவை பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.

மறையூர்க்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சொந்தக் கொல்லையில் பறவை போட்ட விதையில் தானாக முளைத்த சந்தனமாகவே இருந்தாலும், இஷ்டத்துக்கு வெட்டி விற்க முடியாது, வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம்ம இடத்தில் நிற்கிற செடிக்கும் சட்டம் உண்டு என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

கோவையிலோ சென்னையிலோ ஃபிளாட்டில் இருந்துகொண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மொபைலில் ஆர்க்கிட் தேடும் நமக்குத்தான் அது தெரிவதில்லை. ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்று தேடினால் வீடியோ வருகிறது, விற்பனைக் குழு வருகிறது, 'மலையில் இருந்து நேரடியாக, மூன்று தூர் உள்ள செடி, கூரியர் இலவசம்' என்று ஒரு பதிவும் வருகிறது. ஆர்டர் போட்டுவிடலாம் என்று விரல் போகும். கொஞ்சம் பொறுங்கள்.

இந்தச் செடியை வீட்டில் வளர்ப்பது ரொம்பக் கஷ்டம் இல்லை, எப்படி என்று கீழே விவரமாகவே இருக்கிறது. ஆனால் இந்தியாவில் இதை வாங்கவும் வளர்க்கவும் சட்டத்தில் தனி விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் வந்ததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அந்தக் கதை நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே நடந்தது.

ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்றால் என்ன?

பூவின் நடு இதழ் ஒரு சின்னப் பை மாதிரி, செருப்பின் முன்பாதி மாதிரி குழிந்திருக்கும். அதனால்தான் இந்தப் பெயர். இந்த வடிவில் பூக்கும் பேரினங்கள் சில உண்டு. அவற்றில் ஆசியாவின் வெப்பமான பகுதிகளில் வளர்வது, வீட்டில் அதிகம் வளர்க்கப்படுவது, பாஃபியோபெடிலம். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'பாஃப்' என்பார்கள். பெயருக்கு அர்த்தமும் செருப்புதான்: சைப்ரஸ் தீவின் பாஃபோஸ் நகரத்தையும், காலணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து வைத்த பெயர்.

அந்தப் பை அழகுக்கு மட்டும் இல்லை. அது ஒரு பொறி. ஈ வகைப் பூச்சி ஒன்று வந்து விளிம்பில் உட்காரும், வழுக்கி உள்ளே விழும். சுவர் வழவழப்பாக இருப்பதால் வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் மட்டும் ரோமங்கள் படிக்கட்டு மாதிரி இருக்கும். அதைப் பிடித்து ஏறினால் முதலில் சூல்முடியில் முதுகு உரசும், அடுத்து மகரந்தம் முதுகில் ஒட்டும், கடைசியில் பக்கவாட்டில் உள்ள சின்ன ஓட்டை வழியாக வெளியே வரும். பூச்சிக்குத் தேன் எதுவும் கிடைக்காது. சுத்தமான ஏமாற்று வேலை. ஆனாலும் அது அடுத்த பூவிலும் போய் விழும்.

வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. டென்ட்ரோபியம் போன்ற பல ஆர்க்கிட்டுகளுக்குத் தண்ணீரைச் சேமித்து வைக்கத் தண்டு தடித்திருக்கும். பாஃபுக்கு அந்தச் சேமிப்புக் கிடங்கு கிடையாது. விசிறி மாதிரி விரிந்த இலைகளும் வேர்களும்தான். பெரும்பாலானவை மரத்தில் ஒட்டி வளராமல், காட்டுத் தரையின் இலைமக்கிலோ பாறை இடுக்கிலோ வேர் பிடிப்பவை. அதனால் 'ஆர்க்கிட்னா காய விட்டுத்தான் தண்ணி ஊத்தணும்' என்ற பொது அறிவுரை இதற்குப் பொருந்தாது.

அகத்தியமலைக்காரி

தென்னிந்தியாவுக்கு என்று சொந்தமாக ஒரே ஒரு ஸ்லிப்பர் ஆர்க்கிட்தான் இருக்கிறது. பாஃபியோபெடிலம் ட்ரூரியை. கேரளமும் தமிழ்நாடும் பங்கு போட்டுக்கொள்ளும் அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகில் வேறு எங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. இந்தியாவில் உள்ள மற்ற பாஃப் இனங்கள் எல்லாம் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இருக்கின்றன. நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்றுகூட இல்லை. இந்த ஒன்று மட்டும் எப்படி இங்கே தனியாக வந்து நின்றது என்பது தாவரவியலாளர்களுக்கு நெடுநாள் புதிர்.

மஞ்சள் பூ. மேல் இதழிலும் பக்கத்து இரண்டு இதழ்களிலும் நடுவில் அடர் பழுப்புக் கோடு ஒன்று, தூரிகையால் ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி. பெரும்பாலான பாஃப்கள் மர நிழலைத் தேடும்போது, இது மலை உச்சிகளின் அருகே புல்லும் பாறையும் கலந்த திறந்த சரிவுகளில், நல்ல வெளிச்சத்தில் வளர்கிறது.

1860களில் திருவிதாங்கூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஹீபர் ட்ரூரியின் பெயர்தான் இதற்கு. சென்னை மாகாண வனத்துறை அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம் 1874-ல் இதை அறிவியல் உலகுக்கு முறையாக விவரித்தார். அதன் பிறகு நீண்ட காலம் காட்டில் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

1970களில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. நல்ல செய்திதானே? இந்தச் செடிக்கு அது நல்ல செய்தியாக இல்லை. இருக்கும் இடம் தெரிந்ததும் செடி சேகரிப்பவர்கள் அங்கே போனார்கள். கொத்துக் கொத்தாகப் பெயர்த்தெடுத்தார்கள். ஏற்கெனவே சில சரிவுகளில் மட்டும் இருந்த ஒரு செடி, சில ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணும் நிலைக்குப் போனது. காட்டுத்தீ மீதியைப் பார்த்துக்கொண்டது. இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். பட்டியலில் இது 'மிக அருகிய' இனம், அதாவது காட்டில் அழிவதற்கு ஒரு படி முந்தைய நிலை.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இதன் விதைகளை ஆய்வகத்தில் முளைக்க வைத்து, நாற்றுகளை மறுபடி அகத்தியமலையில் கொண்டுபோய் நட்டது. பாஃப் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது. காட்டில் ஒரு குறிப்பிட்ட பூஞ்சை உதவினால்தான் முளைக்கும். சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊடகத்தில், பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். அந்த வழிதான் இன்று உலகம் முழுக்க உள்ள ஆர்க்கிட் நாற்றங்கால்களுக்கு அடிப்படை. பாலோட்டில் நாற்று வந்ததும் ஆய்வகக் குப்பிக்குள்தான். ஆனால் குப்பியில் இருந்து எடுத்த நாற்று மலைச்சரிவில் நிலைத்து, வளர்ந்து, பூப்பதற்குப் பல வருடம் ஆகும். பெயர்த்தெடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இது அகத்தியமலையின் தனிக் கதை என்று நினைக்க வேண்டாம். வியட்நாமில் 1999-ல் புதிதாக ஒரு ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்கு அந்த நாட்டின் பெயரையே வைத்தார்கள். அடுத்த சில வருடங்களில் அது இருந்த இடங்களே துடைத்தெடுக்கப்பட்டன. 2015-ல் ஐ.யூ.சி.என். ஆசிய வெப்பமண்டல ஸ்லிப்பர் ஆர்க்கிட் இனங்கள் 84-ஐ மதிப்பிட்டபோது, அவற்றில் 99 சதவீதம் அழிவின் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. வாழிடம் சுருங்குவது ஒரு காரணம். வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு விற்பதற்காகப் பெயர்த்தெடுப்பது இன்னொரு முக்கியக் காரணம். அதாவது, நாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்றதும் புலி, யானைதான் ஞாபகம் வரும். 1991-ல் அந்தச் சட்டத்தில் செடிகளுக்கென்று ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். 'குறிப்பிட்ட தாவரங்கள்' என்று ஒரு சின்னப் பட்டியல். அதில் முதலிலேயே இடம்பிடித்தவை ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகள். 2022 திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் இந்தத் தாவரங்கள் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன.

இதன் அர்த்தம் என்ன என்பதைச் சாதாரண மொழியில் பார்ப்போம்.

காட்டில் இருந்து எடுப்பது, பெயர்ப்பது, சேதப்படுத்துவது, அப்படி எடுத்ததை வைத்திருப்பது, விற்பது, எல்லாமே குற்றம். இது பிரிவு 17ஏ. பழங்குடி மக்கள் தாங்கள் வசிக்கும் மாவட்டத்தில் சொந்தத் தேவைக்காக எடுப்பதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. விற்பனைக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஆகவே 'ஆதிவாசிகள் கொண்டுவந்து கொடுத்தாங்க சார்' என்று ஒரு வியாபாரி சொன்னால், அது உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

பலருக்கும் தெரியாத பகுதி அடுத்தது. இந்தச் செடிகளை வளர்ப்பதற்கே தலைமை வன உயிரினக் காப்பாளரிடம், அல்லது மாநில அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரிடம், உரிமம் வாங்க வேண்டும் என்கிறது 17சி. விற்பவருக்கும் தனி உரிமம் வேண்டும். நாம் வாங்குவதும் உரிமம் உள்ள விற்பனையாளரிடம் இருந்து மட்டும்தான் இருக்க வேண்டும் என்கிறது 17ஜி. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'நான் வாங்குறது காட்டுச் செடி இல்ல, ஹைப்ரிட்' என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். 1869-லேயே இங்கிலாந்தில் வீச் நிறுவனத்தின் நாற்றங்காலில் முதல் பாஃப் ஹைப்ரிட் பூத்துவிட்டது, இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் நம் சட்ட அட்டவணை ஒவ்வொரு இனமாகப் பெயர் சொல்லாமல், பாஃபியோபெடிலம் இனங்கள் என்று மொத்தமாகவே சொல்கிறது. ஹைப்ரிட்டுக்கு விலக்கு என்று தனியாக எழுதவில்லை. நடைமுறையில் பல வீட்டு மாடிகளில் ஹைப்ரிட் பாஃப் இருக்கிறது, யாரும் வந்து கதவைத் தட்டியதில்லை என்று பழைய ஆர்க்கிட்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது அவர்கள் அனுபவம், சட்ட ஆலோசனை ஆகாது. உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சரி. ஒரு மனு, ஒரு நகல், அவ்வளவுதான். கோவையில் இருப்பவர் தமிழ்நாடு வனத்துறையையும், மறையூரில் இருப்பவர் கேரள வனத்துறையையும் அணுக வேண்டும். செடியோடு சின்னார் சோதனைச் சாவடியைத் தாண்டப் போகிறீர்கள் என்றால் பில்லும் உரிம நகலும் கையில் இருக்கட்டும். சந்தனத்துக்காக வண்டியைத் திறந்து பார்க்கும் இடம் அது.

வெளிநாட்டில் இருந்து வரவழைக்கலாமா? எல்லாப் பாஃப் இனங்களும் 'சைட்ஸ்' என்னும் சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருக்கின்றன. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதி, நம் நாட்டின் இறக்குமதி அனுமதி, தாவர நோய்த்தடுப்புச் சான்று என்று காகிதம் நீளும். பாங்காக் போன நண்பரின் சூட்கேஸில் துணிக்கு நடுவே ஒரு செடி என்பது விளையாட்டு இல்லை. இதே இனச் செடிகளை இறக்குமதி செய்த அமெரிக்க வியாபாரி ஜார்ஜ் நாரிஸ், ஆவணங்களில் செடியின் பெயரை மாற்றிக் காட்டிய வழக்கில் 2004-ல் 17 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

காட்டுச் செடியா, வளர்த்த செடியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் விலையின் பின்னால் உள்ள கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நர்சரிகளில் சல்லிசாகக் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட், திசு வளர்ப்பில் ஒரே செடியில் இருந்து லட்சக்கணக்கில் நகல் எடுக்கப்பட்டது. பாஃபை அப்படி நகல் எடுப்பது கடினம். வணிக அளவில் பெரும்பாலும் விதையில் இருந்துதான் வளர்க்கிறார்கள். குப்பியில் இருந்து முதல் பூ வரை மூன்று முதல் ஐந்து வருடம், சில இனங்களுக்கு இன்னும் அதிகம். அவ்வளவு காலம் ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி, நாலைந்து தூரோடு, ஃபலனாப்சிஸை விட மலிவாகக் கிடைக்கிறது என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

போட்டோவிலும் தடயம் இருக்கும். நாற்றங்காலில் வளர்ந்த செடிகள் ஏறக்குறைய ஒரே அளவில், சுத்தமான இலைகளோடு, தொட்டி வடிவத்திலேயே சுருண்ட வேர்களோடு இருக்கும். காட்டில் இருந்து வந்ததில் இலை நுனி கிழிந்திருக்கும், பூச்சி கடித்த ஓட்டைகள் இருக்கும், இலையில் பாசியோ லைக்கனோ ஒட்டியிருக்கும், வேர்கள் முறிந்து ஒரு பக்கமாகத் தட்டையாக இருக்கும், பாறை இடுக்கில் வளர்ந்த வேர் அப்படித்தான் வரும். தொட்டி இல்லாமல் வெறும் வேரோடு, கலப்பின் பெயரோ இனத்தின் பெயரோ இல்லாமல், 'மலைச் செடி, பூத்தா தெரியும்' என்று விற்றால் விட்டுவிடுங்கள்.

இதில் சுயநலக் காரணமும் ஒன்று இருக்கிறது. காட்டில் இருந்து பெயர்த்த பாஃப் பெரும்பாலும் பிழைப்பதில்லை. முறிந்த வேர் அழுகி, ஆறு மாதம் இழுத்துப் பறித்து, செத்துப்போகும். 'ஸ்லிப்பர் ஆர்க்கிட் எனக்கு வராது' என்று நீங்களும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

சரி, எல்லாம் முறைப்படி வாங்கியாச்சு. எப்படி வளர்ப்பது?

இலையைப் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இலையில் அடர்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால், அது பெரும்பாலும் வெப்பத்தைத் தாங்கும் வகை. ஒரே பச்சையாக, பட்டையாக இருந்தால் குளிர்ச்சியை விரும்பும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. ஆனாலும் ஆரம்பத்துக்குப் போதும். கோவை, மதுரை, சென்னையில் இருப்பவர்கள் திட்டு இலை வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'மாடியே' வகை ஹைப்ரிட்டுகள் இதில் பிரபலம், புதியவர்களின் தவறுகளையும் கொஞ்சம் பொறுத்துப்போகும். பச்சை இலை வகை ஊட்டி, கொடைக்கானல், மூணாறுக்கு ஏற்றது. கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள மறையூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள், இரண்டையும் முயன்று பார்க்கலாம். ஆனால் அது மழைமறைவுப் பிரதேசம். மூணாறில் கொட்டும் ஜூன், ஜூலை மழை அங்கே வராது, காற்று வறண்டு அடிக்கும். ஈரப்பதத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்: தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் விட்டு, தொட்டியின் அடி தண்ணீரைத் தொடாதபடி அதன் மேல் வைத்தால் போதும்.

வெளிச்சம் அதிகம் கேட்காத ஆர்க்கிட் இது. கிழக்குப் பார்த்த ஜன்னலில் காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் நல்லது. மதிய வெயில் கூடவே கூடாது. மொட்டை மாடி என்றால் 75 சதவீத நிழல்வலைக்குக் கீழே. இலை வெளுத்து மஞ்சளாகிறது என்றால் வெளிச்சம் அதிகம். கரும்பச்சையாக நீண்டு தொங்கிப் பூக்கவே இல்லை என்றால் குறைவு.

தண்ணீர்தான் பலர் சறுக்கும் இடம். நான் வளர்த்த முதல் ஆர்க்கிட் தினமும் தண்ணீர் ஊற்றியே செத்தது. அதற்குப் பயந்து அடுத்ததைக் காயப்போட்டேன், அதுவும் போனது. பாஃபுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: பிழிந்து எடுத்த துணி மாதிரி ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் செருகி வையுங்கள். உருவிப் பார்த்தால் லேசான ஈரம் தெரிகிற வரை பொறுக்கலாம், உலர்ந்து வருகிறது என்றால் ஊற்ற வேண்டிய நேரம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, மழைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை என்று வரும். காலையில் ஊற்றுங்கள். குருத்துக்குள் தண்ணீர் நின்றால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கக் குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகல் வரும். வந்தால் இரண்டே நாளில் அந்தத் தூர் போய்விடும்.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். இந்த வேர்களுக்கு உப்பு ஆகாது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்குக் கவலை குறைவு. போர்வெல்லை நம்பியிருப்பவர்கள் மழைநீரைப் பிடித்து வைக்கலாம், அல்லது ஆர்.ஓ. தண்ணீர். டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் 150-க்குள் காட்டுகிறதா பாருங்கள். ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். அதில் உப்பு கிடையாது, உண்மைதான். ஆனால் ஏசிக்குள் உள்ள உலோகச் சுருளிலும் அழுக்கிலும் பட்டு வருவதால், வேறு வழி இருக்கும்போது நான் ஊற்ற மாட்டேன்.

தோட்ட மண் வேண்டவே வேண்டாம். நகம் அளவுக்கு உடைத்த பைன் மரப்பட்டை, மரக்கரி, கொஞ்சம் பெர்லைட் என்ற கலவை போதும். பட்டை கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டுகள். அவற்றை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். தொட்டி சின்னதாக இருக்கட்டும். மூன்று அங்குலம், மிஞ்சினால் நாலு. 'பெரிசா வெச்சா பெரிசா வளரும்' என்று ஆறு அங்குலத் தொட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் காயாமல் வேர் அழுகும்.

வருடத்துக்கு ஒரு தடவை, தள்ளிப்போட்டால் ஒன்றரை வருடத்துக்குள், கலவையை மாற்றிவிடுங்கள். பட்டை மக்கிச் சேறானால் வேருக்கு மூச்சு முட்டும். மாற்றும்போது இலைகள் தொடங்கும் அடிப்பகுதி அரை அங்குலம் கலவைக்குள் இருக்கும்படி நடுங்கள். புது வேர்கள் அங்கிருந்துதான் கிளம்பும், காற்றில் நின்றால் பாதியிலேயே காய்ந்துவிடும். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

உரம் கொஞ்சம் போதும். 20-20-20 கலப்பு உரத்தைப் பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்காகக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரை நன்றாக ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவி விடுங்கள். இலை இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும், வாரம் ஒரு தடவை பார்த்துத் துடையுங்கள். மாடித் தோட்டத்தில் நத்தை வந்தால் மொட்டைத்தான் முதலில் தின்னும்.

எப்போது பூக்கும்?

ஒரு தூர் ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிந்த தூரை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் இருந்து புதுத் தூர் வரும், அது வளர்ந்து அடுத்த பூவைத் தரும். அதுவரைக்கும் பழைய தூர்தான் அதற்குச் சோறு போடுகிறது. இரண்டு தூர் ஆனதும் பிரித்து நண்பருக்குக் கொடுக்கவும் தோன்றும். மூன்று நாலு தூர் சேரும் வரை பிரிக்காமல் இருந்தால் செடி பலமாக இருக்கும். கொடுப்பதற்கு முன் உரிமத்தின் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

திட்டு இலை ஹைப்ரிட் ஒன்றில் ஒரு காம்பு, பெரும்பாலும் ஒரே ஒரு பூ. அது ஆறு வாரம் முதல் இரண்டு மாதம் வரை வாடாமல் நிற்கும். மொட்டு வந்ததும் தொட்டியின் திசையை மாற்றாதீர்கள், மாற்றினால் பூ வெளிச்சத்தைத் தேடித் திரும்பிக் கோணலாக விரியும்.

உரிமம், காகிதம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், முதலில் கை பழகட்டும் என்று நினைத்தால் நர்சரியில் ஒரு ஃபலனாப்சிஸ் வாங்குங்கள். அதற்கும் இதே மிதமான வெளிச்சம், உப்பில்லாத தண்ணீர், பட்டைக் கலவைதான். கலவையை மட்டும் கொஞ்சம் பெரிய துண்டுகளாகப் போட்டு, தண்ணீருக்கு முன் இன்னும் கொஞ்சம் காய விடலாம். அது ஒரு வருடம் தாக்குப்பிடித்து மறுபடி பூத்தால், வன அலுவலகத்துக்கு மனு எழுத உட்காரலாம்.